கோழிக்கு மறுபடி முளைக்குது, நமக்கு ஏன் முளைக்கல? காதுக்குள் நடக்கும் 'சிக்னல்' கதை

திருச்சி மாவட்டம், துறையூர் பக்கம், கொல்லிமலையின் அடிவாரத்தில் இருக்கிறது புளியஞ்சோலை. மேலே ஆகாய கங்கையாக விழும் ஐயாற்றுத் தண்ணீர் பாறைகளுக்கு நடுவே இறங்கி வரும் இடம். இங்கே குளிக்க வரும் எல்லாருக்கும் தெரிந்த ஒரு காட்சி உண்டு. தெளிந்த தண்ணீரில் சின்ன மீன்கள் கூட்டமாக நிற்கும். கையை மெதுவாக உள்ளே விட்டாலே போதும், விரல் படுவதற்கு முன்பே கூட்டம் சிதறிப் போகும்.

கண்ணால் பார்த்துத்தான் ஓடுதா? அது பாதி பதில்தான். மீதி பாதி, மீனின் செவுளில் இருந்து வால் வரை ஓடும் மெல்லிய கோட்டில் இருக்கிறது. 'பக்கக்கோடு' என்று பெயர். தண்ணீரில் ஏற்படும் சின்ன அசைவைக்கூட உணரும் நுண்ணிய செல்கள் அந்தக் கோட்டில் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொரு செல்லின் தலையிலும் ரோமம் போல ஒரு கொத்து. தண்ணீர் அசைந்தால் கொத்து சாயும். சாய்ந்தால் நரம்புக்குச் செய்தி போகும்.

இதை ஏன் சொல்கிறோம் என்றால், நம் காதுக்குள் சத்தத்தை உணர்வதும் கிட்டத்தட்ட இதே ரக செல்கள்தான். அவற்றை 'ரோம செல்கள்' என்கிறார்கள். ஒரே ஒரு வித்தியாசம். மீனுக்கு அந்தச் செல்கள் அழிந்தால் சில நாட்களில் மறுபடி முளைத்துவிடும். கோழிக்கு சில வாரங்கள் ஆகும். மனிதனுக்கு? போனால் போனதுதான்.

ஏன் இப்படி? மறுபடி முளைக்க வைக்க முடியுமா? 'காது கேட்காத குழந்தைக்கு மரபணு சிகிச்சை வந்தாச்சு' என்று வரும் செய்திகள் உண்மையா? காது கேட்காத குழந்தையை வைத்திருக்கும் ஒரு குடும்பம் அதற்காகக் காத்திருக்கலாமா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

காதுன்னா வெளியே தெரியுறது மட்டும் இல்ல

வெளியே தெரியும் காது மடல் சத்தத்தைப் பிடித்து உள்ளே தள்ளும் புனல் மாதிரி. அதன் முடிவில் செவிப்பறை. அதற்குப் பின்னால் நடுச்செவி, அங்கே மூன்று குட்டி எலும்புகள். அதற்கும் உள்ளே, மண்டை ஓட்டிலேயே மிகக் கெட்டியான எலும்புக்குள் புதைந்து கிடப்பதுதான் உட்செவி.

உட்செவியில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. நத்தை ஓடு மாதிரி சுமார் இரண்டரைச் சுற்று சுருண்டிருக்கும் 'காக்ளியா' கேட்பதற்கு. அதன் பக்கத்திலேயே இருக்கும் மூன்று அரைவட்டக் குழாய்களும் இரண்டு சிறு பைகளும் சமநிலைக்கு. காரவள்ளியில் இருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறும்போது காது அடைத்தால் அது நடுச்செவியின் பிரச்சனை; காற்றழுத்தம் மாறுவதால் வருவது. தலை சுற்றி, வயிற்றைப் புரட்டினால் அதில் இந்த அரைவட்டக் குழாய்களுக்குப் பங்கு உண்டு. ஒரே பயணத்தில் காதின் இரண்டு பாகங்களும் தனித்தனியாகப் புகார் சொல்கின்றன என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரு காதின் காக்ளியாவில் இருக்கும் ரோம செல்கள் எவ்வளவு தெரியுமா? சுமார் 15 ஆயிரம்தான். கண்ணின் விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் கோடிக்கணக்கில் இருக்க, காதுக்கு ஒதுக்கப்பட்டது இவ்வளவே. அதிலும் மூளைக்குச் செய்தி அனுப்பும் முக்கிய வேலையைச் செய்வது 'உள் வரிசை' ரோம செல்கள், சுமார் 3,500. மீதி சுமார் 12 ஆயிரம் 'வெளி வரிசை' செல்கள் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கின்றன. வீட்டு ஆம்ப்ளிஃபயர் மாதிரி. அதிக சத்தம், வயது, சில மருந்துகள் என எது தாக்கினாலும் பெரும்பாலும் முதலில் அடி வாங்குவது இந்த ஆம்ப்ளிஃபயர் செல்கள்தான்.

உலக சுகாதார அமைப்பின் 2021 அறிக்கைப்படி, உலகில் 150 கோடிக்கும் மேற்பட்டோருக்கு ஏதோ ஓர் அளவில் கேட்கும் திறன் குறைபாடு இருக்கிறது. அதில் பெரும்பங்கு இந்தச் சில ஆயிரம் செல்களின் இழப்பில் வந்து முடிகிறது.

தோலாக இருந்தது காதாக மாறுவது எப்படி?

இங்கதான் கதை சுவாரஸ்யமாகிறது. உட்செவி முதலில் காதாகவே இருப்பதில்லை. கரு உண்டாகி நான்காவது வாரம். டாக்டர்கள் கடைசி மாதவிடாயில் இருந்து கணக்கிடுவதால் அவர்கள் கணக்கில் அது ஆறாவது வாரம். பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்பது அப்போதுதான் தெரிய வரும். அந்த நேரத்தில் கருவின் தலைப் பகுதியில், பின்மூளைக்கு இரண்டு பக்கமும், வருங்காலத்தில் தோலாக வேண்டிய செல்களில் ஒரு சின்னத் திட்டு மட்டும் தடிக்கிறது. அதுதான் உட்செவியின் முதல் புள்ளி.

பக்கத்தில் உள்ள செல்கள் எல்லாம் தோலாகப் போக, இந்தத் திட்டு மட்டும் ஏன் காதாகிறது? 'நீ காதாக மாறு' என்று அதற்குச் சொல்வது யார்?

அடியில் இருக்கும் திசுவும் பக்கத்தில் இருக்கும் பின்மூளையும்தான் சொல்கின்றன. எப்படி என்றால், புரத மூலக்கூறுகளைச் சுரந்து. ஒரு செல் சுரக்கும் புரதம் பக்கத்து செல்லின் மேல் இருக்கும் ஏற்பியில் போய் ஒட்டும். பூட்டில் சாவி மாதிரி. ஒட்டியதும் அந்த செல்லுக்குள் சில மரபணுக்கள் விழிக்கும், சில தூங்கும். விஞ்ஞானிகள் 'சிக்னல்' என்று சொல்வது இதைத்தான். காதைப் பொறுத்தவரை முதல் சாவி 'எஃப்.ஜி.எஃப்' என்ற புரதக் குடும்பம்.

இதைக் கண்டுபிடித்ததில் பெரும் உதவி கோழி முட்டைக்குத்தான். நாமக்கல் பக்கம் முட்டையின் அருமையை யாரும் சொல்லித் தர வேண்டாம். கருவியல் ஆய்வகங்களிலும் அதே நிலைமைதான். ஓட்டில் ஒரு சின்ன ஜன்னல் வெட்டினால் உள்ளே கரு வளர்வதை நேரடியாகப் பார்க்கலாம், ஒரு சிக்னலைச் சேர்த்து, இன்னொன்றை நிறுத்தி என்ன ஆகிறது என்று சோதிக்கலாம். 2000-ஆம் ஆண்டில் 'சயின்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு, கோழிக் கருவில் எஃப்.ஜி.எஃப்-19 என்ற புரதமும் 'வின்ட்' குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு புரதமும் கைகோத்துத்தான் காதைத் தொடங்கி வைக்கின்றன என்று காட்டியது. அதன் முதன்மை ஆசிரியர் ராஜ் லாதர். இன்று அவரது ஆய்வகம் இருப்பது நம் பக்கத்து ஊரில், பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில். 2005-ல் அவர் பங்கேற்ற இன்னோர் ஆய்வு, அந்தச் சங்கிலியை இன்னும் ஒரு படி பின்னால் கொண்டு போனது: எஃப்.ஜி.எஃப்-8 என்ற புரதம்தான் அடியில் இருக்கும் திசுவைத் தட்டி எழுப்பி, அடுத்த சிக்னலைச் சுரக்க வைக்கிறது. ஒருவர் இன்னொருவரிடம் சொல்லி, அவர் மூன்றாமவரிடம் சொல்லும் தபால் சங்கிலி மாதிரி.

இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால்? அது வெறும் ஆய்வகக் கேள்வி இல்லை. எஃப்.ஜி.எஃப்-3 என்ற மரபணுவின் இரண்டு பிரதியும் பழுதானால், குழந்தை உட்செவியே இல்லாமல் பிறக்கலாம் என்று 2007-ல் துருக்கியக் குடும்பங்களில் கண்டறிந்தார்கள். காது மடலும் பற்களும்கூட அந்தக் குழந்தைகளுக்குச் சிறியதாக இருக்கும். காக்ளியாவே இல்லாதபோது 'காக்ளியர் இம்ப்ளான்ட்' வைக்க இடமில்லை. அப்படிப்பட்ட குழந்தைகளுக்குக் காதைத் தாண்டி நேராக மூளைத்தண்டில் மின்முனை வைக்கும் அறுவை சிகிச்சை ஒன்று உண்டு. அதைச் செய்யும் மிகச் சில இந்திய மையங்களில் சென்னையின் மெட்ராஸ் இ.என்.டி. ஆராய்ச்சி அறக்கட்டளையும் ஒன்று. நான்காவது வாரத்தில் ஒரு மூலக்கூறு வரவில்லை என்பதன் விலை அது.

குழிந்து, உருண்டு, சுருண்டு

திட்டு தடித்த பிறகு உள்ளே குழிகிறது. குழி மூடிக்கொண்டு ஒரு சின்னப் பை ஆகிறது. அந்தப் பையில் இருந்துதான் காக்ளியா, அரைவட்டக் குழாய்கள், காது நரம்பின் செல்கள் எல்லாம் வரவேண்டும். எது மேல், எது கீழ் என்பதை யார் முடிவு செய்வது?

கீழ்ப் பக்கத்தில் இருந்து 'சோனிக் ஹெட்ஜ்ஹாக்' என்ற சிக்னல் வருகிறது. ஆமாம், வீடியோ கேம் கதாபாத்திரத்தின் பெயர்தான். கண்டுபிடித்தவர்களுக்கு அந்த மூட் இருந்திருக்கிறது. மேல் பக்கத்தில் இருந்து 'வின்ட்' வருகிறது. ஹெட்ஜ்ஹாக் அதிகம் படும் பக்கம் நீண்டு சுருண்டு காக்ளியா ஆகிறது. வின்ட் அதிகம் படும் பக்கம் சமநிலைக் குழாய்கள். எலிக் கருவில் ஹெட்ஜ்ஹாக்கை நீக்கிப் பார்த்தபோது காக்ளியா உருவாகவே இல்லை. முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்பதற்கு இன்னொரு மூலக்கூறு: வைட்டமின் ஏ-யில் இருந்து உடல் தயாரிக்கும் ரெட்டினாயிக் அமிலம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கணும். காரணம், கடுமையான முகப்பருவுக்குக் கொடுக்கப்படும் 'ஐசோட்ரெட்டினாயின்' மாத்திரை இதே ரெட்டினாயிக் அமிலத்தின் நெருங்கிய சொந்தக்காரர். கர்ப்பத்தின் ஆரம்பத்தில் அது உடலில் இருந்தால் குழந்தையின் காது, முகம், இதயம், மூளை ஆகியவற்றில் குறைபாடு வர வாய்ப்பு அதிகம். சிக்னல் இல்லாவிட்டாலும் தப்பு, வரக்கூடாத அளவில் வந்தாலும் தப்பு. கர்ப்பமாக இருப்பவர்களும் கர்ப்பமாக வாய்ப்புள்ளவர்களும் இந்த மாத்திரையை எடுக்கக் கூடாது என்று டாக்டர்கள் கண்டிப்பாகச் சொல்வது இதனால்தான். தோழி கொடுத்தாள், மெடிக்கலில் கேட்டு வாங்கினேன் என்று சாப்பிடும் மருந்து இல்லை இது.

அதேபோல கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் ருபெல்லா காய்ச்சல் வந்தால் குழந்தைக்குக் காது கேளாமை வர வாய்ப்பு அதிகம். அதற்குத்தான் எம்.ஆர். தடுப்பூசி.

'நான் ஆகிட்டேன், நீ ஆகாதே!'

சுமார் 10-வது வாரத்தில் காக்ளியாவின் சுருள் கிட்டத்தட்ட முழுமை பெறுகிறது. அடுத்துவரும் வாரங்களில் ரோம செல்கள் பிறக்கின்றன. இங்கே தலைமை வேலை பார்ப்பது 'ஏடோ-1' என்ற மரபணு. 1999-ல் எலிகளில் இதை நீக்கியபோது ஒரு ரோம செல்கூட உருவாகவில்லை. மறுவருடம் இன்னொரு குழு இதைத் தலைகீழாகச் செய்தது: எலிக்குட்டியின் காக்ளியாவில் ரோம செல் ஆகவேண்டியிராத செல்களுக்குள் ஏடோ-1-ஐத் திணித்தார்கள். அவையும் ரோம செல்கள் ஆயின. ஒரே ஒரு மரபணு, ஒரே ஒரு சுவிட்ச்! காது மருத்துவ உலகம் நிமிர்ந்து உட்கார்ந்த தருணம் அது.

ஆனால் எல்லா செல்லும் ரோம செல் ஆகிவிட்டால் காது வேலை செய்யாது. ரோம செல்களைத் தாங்கிப் பிடிக்க, கழிவைச் சுத்தம் செய்ய, பொட்டாசியம் உப்பைத் திருப்பி அனுப்ப 'தாங்கு செல்கள்' வேண்டும். அந்தப் பங்கீட்டைச் செய்வது 'நாட்ச்' என்ற சிக்னல். ஒரு செல் ரோம செல்லாக மாறத் தொடங்கியதும், தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கும் பக்கத்து செல்லிடம் 'நான் ஆகிட்டேன், நீ ஆகாதே' என்று சொல்லிவிடும். பக்கத்து செல் தாங்கு செல்லாக அடங்கிவிடும். இப்படித்தான் காக்ளியாவில் உள்ளே ஒரு வரிசை, வெளியே மூன்று வரிசை என்று சதுரங்கப் பலகை போல நேர்த்தியான அமைப்பு வருகிறது. எது உள் வரிசை, எது வெளி வரிசை என்பதை 'டி.பி.எக்ஸ்-2' என்ற மரபணு முடிவு செய்கிறது என்பது 2022-ல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வில்தான் தெளிவானது. அவ்வளவு சமீபம்.

எண்ணிக்கை முடிந்ததும் 'பி-27' என்ற இன்னொரு புரதம் வந்து 'இனி யாரும் பிரியக் கூடாது' என்று பூட்டுப் போடுகிறது. மனிதக் காக்ளியாவில் பிறக்கும் முன்பே பூட்டியாகிவிடுகிறது. வயிற்றில் ஆறாவது மாத வாக்கில் குழந்தை அம்மாவின் குரலைக் கேட்கத் தொடங்கும்போது அதனிடம் இருப்பது வாழ்நாள் முழுமைக்குமான கையிருப்பு.

கோழியும் காடையும் கற்றுக்கொடுத்த பாடம்

1980-கள் வரை சூடான ரத்தம் உள்ள எந்த உயிருக்கும் கேட்கும் ரோம செல் மறுபடி வளராது என்றுதான் நம்பியிருந்தார்கள். 1988-ல் 'சயின்ஸ்' இதழின் ஒரே வெளியீட்டில் இரண்டு கட்டுரைகள் வந்தன. ஒன்று கோழிக்குஞ்சு பற்றி, இன்னொன்று வளர்ந்த காடை பற்றி. இரண்டையும் பலத்த சத்தத்துக்கு ஆளாக்கி ரோம செல்களை அழித்திருந்தார்கள். பிறகு பார்த்தால் அந்த இடத்தில் புத்தம் புது செல்கள்! நம் ஊர் கடைகளில் வறுவலுக்குத் தொங்கும் அதே ஜப்பானியக் காடைதான்.

எங்கிருந்து வந்தன? தாங்கு செல்களில் இருந்து. ரோம செல் செத்ததும் 'நீ ஆகாதே' என்று சொல்ல ஆளில்லை. நாட்ச் சிக்னல் குறைகிறது. அடங்கியிருந்த தாங்கு செல்லில் ஏடோ-1 விழிக்கிறது. சில தாங்கு செல்கள் நேரடியாக ரோம செல்லாக மாறுகின்றன. சில இரண்டாகப் பிரிந்து ஒன்றைத் தங்களிடத்தில் வைத்துவிட்டு இன்னொன்றை ரோம செல்லாக அனுப்புகின்றன. கருவில் காதை உருவாக்கிய அதே சிக்னல்கள் மறுபடி ஓடுகின்றன. ஜீப்ரா மீனிலும் இதே கதைதான். அதன் பூர்வீகமே இந்தியத் துணைக்கண்டம், ஆனால் இன்று உலகமெங்கும் காது ஆய்வகங்களில் தொட்டி தொட்டியாக வளர்கிறது. குட்டியாக இருக்கும்போது கண்ணாடி மாதிரி உடம்பு என்பதால், பக்கக்கோட்டில் செல் முளைப்பதை மைக்ரோஸ்கோப்பில் நேரலையாகவே பார்க்கலாம்.

அப்படியென்றால் நம் தாங்கு செல்களுக்கு என்ன ஆச்சு? அவை அங்கேயேதான் இருக்கின்றன. பிறந்த எலிக்குட்டியின் தாங்கு செல்களைத் தனியே எடுத்து வளர்த்தால் அவை பிரியும், ரோம செல்லாகவும் மாறும் என்று 2006-ல் காட்டினார்கள். ஓரிரு வாரம் போனால் அந்தத் திறமை மங்கிவிடுகிறது. செல்லுக்குள் ரோம செல் மரபணுக்களைத் திறக்கும் பக்கங்கள் எல்லாம், புத்தகத்தில் பக்கங்களை ஒட்டிவிட்டது போல, மூடப்படுகின்றன. சிக்னல் வந்தாலும் படிக்க முடியாது. எலி பிறந்து சுமார் 12 நாள் கழித்துத்தான் அதற்குக் காது கேட்கத் தொடங்கும். நமக்கு அந்தக் கட்டம் வயிற்றுக்குள்ளேயே முடிந்துவிடுவதால், எலிக்குட்டிக்கு இருக்கும் அந்தச் சில நாள் ஜன்னல்கூட பிறந்த மனிதக் குழந்தைக்கு இல்லை என்றே கருதுகிறார்கள்.

ஏன் இயற்கை இப்படிச் செய்தது? பாலூட்டிகளின் காக்ளியா மிக உயர்ந்த சுருதிகளைக் கேட்கும் அளவுக்கு நுட்பமாக அமைந்தது, ஒரு செல் இடம் மாறினாலும் சுருதி கெட்டுவிடும், அதனால் மாற்றமே வேண்டாம் என்று பூட்டப்பட்டிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இது ஊகம்தான், நிரூபணம் இல்லை. சமநிலைப் பைகளில் மட்டும் பாலூட்டிகளுக்கும் கொஞ்சம் மறுவளர்ச்சி நடப்பதை 1993-லேயே பார்த்திருக்கிறார்கள்.

மருந்தாக வந்ததா?

முயற்சிகள் நடந்தன. முடிவுகளைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடலாம்.

2013-ல், சத்தத்தால் காது போன எலிகளுக்கு நாட்ச் சிக்னலைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்து, கொஞ்சம் ரோம செல்களையும் கொஞ்சம் கேட்கும் திறனையும் மீட்டார்கள். அதே வழியில் ஐரோப்பாவில் மனிதர்களிடம் 'ரீகெய்ன்' என்ற பரிசோதனை நடந்தது. மருந்து பாதுகாப்பாக இருந்தது. ஆனால் மொத்தக் குழுவுக்கும் எதிர்பார்த்த முன்னேற்றம் வரவில்லை என்று 2024-ல் முடிவு வெளியானது. ஏடோ-1 மரபணுவை வைரஸில் ஏற்றி நேரடியாகக் காதுக்குள் செலுத்தும் பரிசோதனை அமெரிக்காவில் 2014-ல் தொடங்கியது. அதுவும் மருந்தாகவில்லை. வின்ட் சிக்னலைத் தூண்டும் 'எஃப்.எக்ஸ்-322' என்ற ஊசி மருந்து பெரிய எதிர்பார்ப்பைக் கிளப்பியது. 2023 பிப்ரவரியில் முக்கியப் பரிசோதனையில் போலி மருந்தைவிட மேலாக இல்லை என்று தெரிந்ததும் அந்த நிறுவனம் திட்டத்தையே கைவிட்டது.

ஆக, அழிந்த ரோம செல்லை மனிதக் காதில் மறுபடி முளைக்க வைக்கும் மருந்து இன்று உலகில் எங்கும் இல்லை. 'ஸ்டெம் செல் ஊசி போட்டால் காது கேட்கும்' என்று யாராவது லட்சக்கணக்கில் பணம் கேட்டால் இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கொல்லிமலை மூலிகைக்குப் பேர் போன மலை, சித்தர் மலை. அந்த மரியாதையில் மாற்றம் இல்லை. ஆனால் காதில் ஊற்றும் எந்தத் தைலமும் செவிப்பறையைத் தாண்டி, நடுச்செவியைத் தாண்டி, எலும்புக்குள் இருக்கும் ரோம செல்லைத் தொடாது. செவிப்பறையில் ஓட்டை இருந்து உள்ளே போனால் நன்மையைவிடத் தொற்றுக்குத்தான் வழி.

அப்போ சீனாவில் குழந்தைகளுக்குக் கேட்டதே, அது?

அது உண்மை. ஆனால் அது வேறு கதை. சில குழந்தைகளுக்கு ரோம செல்கள் இருக்கும், ஒழுங்காகவே இருக்கும். 'ஓட்டோஃபெர்லின்' என்ற ஒரு புரதம் மட்டும் இருக்காது. அந்தப் புரதம் இல்லாமல் ரோம செல்லால் நரம்புக்குச் செய்தியைக் கைமாற்ற முடியாது. மைக் இருக்கு, ஆம்ப்ளிஃபயர் இருக்கு, வயரை மட்டும் சொருகவில்லை என்ற நிலை.

அந்த மரபணுவின் நல்ல பிரதியை ஒரு தீங்கற்ற வைரஸில் ஏற்றி காக்ளியாவுக்குள் செலுத்துவதுதான் சிகிச்சை. மரபணு பெரியது, வைரஸில் இடம் போதாது. எனவே இரண்டு துண்டாக வெட்டி இரண்டு வைரஸில் ஏற்றுகிறார்கள், செல்லுக்குள் போய் ஒட்டிக்கொள்கிறது. ஷாங்காயின் ஃபுடான் பல்கலைக்கழக மருத்துவமனையில் 6 குழந்தைகளுக்குக் கொடுத்ததில் 5 பேருக்குக் கேட்கத் தொடங்கியது என்று 2024 ஜனவரியில் 'லான்செட்' இதழில் வெளியானது. அதே மாதம் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனை, பிறவியிலேயே கேட்காத 11 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு இந்த வகை சிகிச்சையில் கேட்கத் தொடங்கியதை அறிவித்தது.

ரோம செல் உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டுமே, அதுவும் இந்த ஒரு மரபணுவில் மட்டும் பழுது இருப்பவர்களுக்கு மட்டுமே இது பயன்படும். பிறவிக் காதுகேளாமையில் இவர்கள் சிறு பங்குதான்.

நம்மூரில் அடிக்கடி தென்படுவது வேறு மரபணு: 'கனெக்சின்-26'. தாங்கு செல்களுக்கு இடையே பொட்டாசியம் போய்வரும் வாசலை அமைக்கும் புரதம் அது. இந்தியாவில் இந்த மரபணுவில் மிக அதிகம் காணப்படும் ஒரு குறிப்பிட்ட பிழை, பல தலைமுறைகளுக்கு முன் வாழ்ந்த ஒரு பொது மூதாதையிடம் இருந்து பரவியது என்று பெங்களூரு ஜவாஹர்லால் நேரு மேம்பட்ட அறிவியல் ஆராய்ச்சி மையத்தினர் பங்கேற்ற ஆய்வு 2003-ல் காட்டியது. சென்னைப் பல்கலைக்கழக மரபியல் துறையும் தென்னிந்தியக் குடும்பங்களில் இதைத் தொடர்ந்து ஆராய்ந்து வருகிறது.

இந்த வகைப் பிழை ஒரு பிரதியில் மட்டும் இருந்தால் ஒன்றும் தெரியாது. அப்பா, அம்மா இருவரிடமும் இருந்து வந்தால்தான் குழந்தைக்குக் கேட்காது. ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் சுமார் 28 சதவீதப் பெண்கள் சொந்தத்தில் திருமணம் செய்தவர்கள். தாய்மாமன், அத்தை மகன் என்று ஒரே தாத்தா பாட்டியின் மரபணு இரண்டு பக்கமும் வந்து சேரும்போது, ஒளிந்திருந்த பிழை ஜோடி சேர வாய்ப்பு கூடுகிறது. சொந்தத்தில் கட்டிய எல்லார் குழந்தைக்கும் இப்படி ஆகும் என்று அர்த்தமில்லை, பெரும்பாலானோருக்கு ஆகாது. ஆனால் குடும்பத்தில் ஏற்கனவே காது கேளாதவர் இருந்தால், கல்யாணத்துக்கு முன்னாடியோ அடுத்த குழந்தைக்கு முன்னாடியோ மரபணு ஆலோசனை கேட்பது நல்லது. கனெக்சின்-26-க்கு மரபணு சிகிச்சை இன்னும் மனிதர்களுக்குக் கிடைக்கும் நிலைக்கு வரவில்லை.

குழந்தை விஷயத்தில் காத்திருக்கலாமா?

கூடாது. காரணம் காதில் இல்லை, மூளையில் இருக்கிறது. முதல் சில வருடங்களில் சத்தம் போய்ச் சேராவிட்டால், பேச்சைப் புரிந்துகொள்ளும் மூளைப் பகுதி வேறு வேலைக்குப் போய்விடும். பிறகு காதைச் சரிசெய்தாலும் பேச்சு வருவது கஷ்டம். 'அவங்க அப்பாவும் லேட்டாதான் பேசினார்' என்று பாட்டி சொல்வதைக் கேட்டு மூன்று வயது வரை விட்டுவிடும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்த மூன்று வருடம்தான் மிக விலை உயர்ந்தது.

உலகம் முழுக்க டாக்டர்கள் சொல்லும் கணக்கு 1-3-6. ஒரு மாதத்துக்குள் முதல் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் குறை உறுதியாக வேண்டும், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை அல்லது கருவி தொடங்க வேண்டும். முதல் பரிசோதனையான 'ஓ.ஏ.இ.', வெளி வரிசை ரோம செல்கள் அசையும்போது காதுக்குள் இருந்தே வரும் மெல்லிய எதிரொலியைப் பிடிக்கிறது. குழந்தை தூங்கும்போதே சில நிமிடங்களில் முடிந்துவிடும், வலி கிடையாது. அதில் சந்தேகம் வந்தால் 'பெரா' பரிசோதனை. நரம்பு வழியாக மூளைத்தண்டு வரை செய்தி போகிறதா என்று பார்க்கும். ஓட்டோஃபெர்லின் குறைபாட்டில் முதல் பரிசோதனை 'நார்மல்' என்று வந்து, பெராவில்தான் குறை தெரியலாம். எனவே முதல் டெஸ்ட் சரியாக இருந்தும் குழந்தை சத்தத்துக்குத் திரும்பவில்லை என்றால் பெரா கேட்டு வாங்குங்கள்.

குறை உறுதியானால் முதலில் காதுக் கருவி. அது போதாத அளவுக்குக் கடுமையான குறை என்றால் காக்ளியர் இம்ப்ளான்ட். இறந்த ரோம செல்லைத் தாண்டி, மின்முனை மூலம் நரம்பை நேராகத் தூண்டுகிறது அது. வெளியே பல லட்சம் ஆகும் இந்த அறுவை சிகிச்சை, தகுதியுள்ள 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் செய்யப்படுகிறது. ஆபரேஷன் முடிந்ததும் வேலை முடிவதில்லை. கேட்டுப் பழகும் பயிற்சிக்கு மாதக்கணக்கில் போய்வர வேண்டும். மலைக்கிராமத்தில் இருந்து பஸ் பிடித்து நகரத்துக்கு வாரம் ஒருமுறை வருவது கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கு எவ்வளவு கடினம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பயிற்சி பாதியில் நின்றால் கருவி இருந்தும் பேச்சு வளராது. திட்டத்தில் பணம் கிடைப்பது ஒரு பாதி, போக்குவரத்து இன்னொரு பாதி.

இம்ப்ளான்ட் வைத்தால் பிற்காலத்தில் மரபணு சிகிச்சை கிடைக்காதே என்ற கேள்வியும் பெற்றோரிடம் வருகிறது. ஒரு காதில் இம்ப்ளான்ட் இருந்தாலும் மற்றொரு காது அப்படியே இருக்கும். ஷாங்காய் குழுவும் முதலில் ஒரு காதுக்குத்தான் கொடுத்தது. இரண்டு காதுக்கும் கொடுத்த முடிவுகள் 2024 ஜூனில்தான் வந்தன.

பெரியவர்களுக்கு ஒரு விஷயம். ஜென்டாமைசின், அமிக்காசின் போன்ற ஊசி ஆன்டிபயாடிக்குகளும், புற்றுநோய்க்குத் தரும் சிஸ்பிளாட்டினும் ரோம செல்லைக் கொல்லக்கூடியவை. உயிர் காக்கும் மருந்துகள் என்பதால் தாமாக நிறுத்தக் கூடாது. ஆனால் அந்த ஊசி ஓடும்போது காதில் 'ங்ங்ங்' என்ற இரைச்சலோ தலைச்சுற்றலோ தொடங்கினால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

குழந்தை கதவு படாரென்று சாத்தும் சத்தத்துக்குத் திடுக்கிடவில்லை, ஆறு மாதத்தில் குரல் வரும் திசைக்குத் திரும்பவில்லை, ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பார்க்கவில்லை என்றால் கிராம சுகாதார செவிலியரிடமோ அங்கன்வாடியிலோ சொல்லுங்கள். அரசு மருத்துவமனைகளில் செயல்படும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையத்துக்கு அங்கிருந்தே அனுப்பி வைப்பார்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104 என்ற இலவச மருத்துவ உதவி எண்ணில் கேட்கலாம்.